ஒருநாள் மலைநடை: கிளம்புவதற்கு முன்பிருந்து இறங்கி வந்த பிறகு வரை

மலைநடைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "மொத்தம் எத்தனை கிலோமீட்டர்?" என்பதைத்தான். அதற்குக் கிடைக்கும் பதிலை மட்டும் வைத்து எதையும் திட்டமிட முடியாது. சமதளத்தில் 10 கி.மீ. என்பது இரண்டு மணி நேர நடை. அதே 10 கி.மீ.யில் 900 மீட்டர் ஏறி இறங்க வேண்டும் என்றால் பகலில் பாதிக்கு மேல் போய்விடும். கேட்க வேண்டியவை வேறு மூன்று: மொத்த ஏற்றம் எவ்வளவு, வெளிச்சம் எத்தனை மணி வரை இருக்கும், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும். கீழே வருவதெல்லாம் இந்த மூன்றையும் சுற்றித்தான்.

காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் இறங்கிவிடும் நடைகளுக்கான வழிகாட்டி இது. கயிறோ பனிக்கோடரியோ தேவைப்படும் ஏற்றங்கள் தனி வித்தை. அவற்றை முறையாகப் பயிற்சி பெற்றுத்தான் செய்ய வேண்டும்.

பாதையைத் தேர்ந்தெடுப்பது

முதல்முறை போகிறவர்களுக்கு 8 முதல் 10 கி.மீ. தூரம், 300 முதல் 400 மீட்டர் மொத்த ஏற்றம், தெளிவான பாதை. இதற்கு மேல் வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் நடக்கும் பழக்கம் இருந்தாலும் இதே அளவுதான். சமதள நடை மூச்சைப் பழக்கும். இறக்கத்தில் உடம்பைத் தாங்கும் தொடைத் தசையைப் பழக்காது.

மொத்த ஏற்றம் என்பதை அடிவாரத்துக்கும் உச்சிக்கும் உள்ள உயர வித்தியாசம் என்று நினைத்துவிடுகிறார்கள். அடிவாரம் 800 மீட்டர், உச்சி 1,300 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 500 மீட்டர்தான். ஆனால் நடுவில் இரண்டு இடங்களில் பாதை 100 மீட்டர் இறங்கி மறுபடி ஏறுகிறது என்றால், போகும்போது ஏறுவது 700 மீட்டர். திரும்பும்போது அதே இரண்டு பள்ளங்களும் காத்திருக்கும். இன்னொரு 200 மீட்டர். ஆக 900. "உச்சிக்குப் போய்விட்டோம், இனி இறக்கம்தானே" என்று தண்ணீரைக் காலி செய்தவர்கள் சோர்ந்து உட்காருவது அந்தக் கடைசி 200 மீட்டரில்தான்.

வட்டமாகச் சுற்றி வரும் பாதையைவிட, போன வழியே திரும்பும் பாதை புதியவர்களுக்கு நல்லது. எந்த இடத்திலும் திரும்பலாம், திரும்பும் வழியும் தெரிந்த வழி. வட்டப் பாதையில் பாதி தாண்டிவிட்டால் முன்னே போவதும் பின்னே போவதும் ஒன்றுதான். மோசமான பகுதி கடைசியில் இருந்தால், கால் களைத்த நேரத்தில் அதைக் கடக்க வேண்டிவரும்.

வரைபடம் பார்க்கத் தெரிந்திருந்தால் பாதி விஷயம் வீட்டிலேயே தெரிந்துவிடும். 1:50,000 அளவுள்ள வரைபடத்தில் 2 செ.மீ. என்பது 1 கி.மீ. பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து போகும் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை) நெருக்கமாக இருந்தால் செங்குத்து, தள்ளித் தள்ளி இருந்தால் சாய்வு குறைவு. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உயர இடைவெளி 20 மீட்டர் என்று ஓரத்தில் குறித்திருந்தால், பாதை 1 செ.மீ. நீளத்தில் ஐந்து இடைவெளிகளைக் கடக்கும்போது 500 மீட்டர் தூரத்தில் 100 மீட்டர் ஏறுகிறது. மூச்சு வாங்கும் ஏற்றம் அது. கோடுகள் அம்பு முனைபோல் மடங்கும் இடங்களையும் பாருங்கள். முனை உயரமான பக்கம் நோக்கினால் அது பள்ளம், பெரும்பாலும் ஓடை. தாழ்வான பக்கம் நோக்கினால் மேட்டு வரப்பு, அதாவது இரண்டு பக்கமும் சரியும் மலை முகடு. பாதை எத்தனை பள்ளங்களைக் குறுக்கே வெட்டுகிறதோ, மழைக்காலத்தில் அத்தனை ஓடைகளைத் தாண்ட வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் தடப்பதிவுகளை அப்படியே நம்பாதீர்கள். அது ஒருவர் ஒருநாள் நடந்த தடம், அவ்வளவுதான். எந்த மாதம் பதிவானது என்று பாருங்கள். கோடையில் காய்ந்து கிடந்த ஓடை மழைக்காலத்தில் இடுப்பளவு ஓடும்.

வனத்துறையின் அனுமதி தேவையா, எத்தனை மணிக்குள் வெளியேற வேண்டும், தீப்பருவத்தில் மூடுவார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாதையைப் பற்றி விசாரிக்கும்போது "வழி நல்லா இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். "கடைசியாக யாராவது எப்போது போனார்கள்? எங்கே மரம் விழுந்திருக்கிறது? ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு மேலா, கீழா?" என்று கேளுங்கள். உபயோகமான பதில் கிடைக்கும்.

நேரக் கணக்கு

1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கிலோமீட்டரில் சொன்னால், 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இது நல்ல உடற்பயிற்சி உள்ளவர் நிற்காமல் நடக்கும் வேகம். புதியவர்கள் உள்ள குழுவுக்கு இந்த நேரத்தை ஒன்றரை மடங்காக்க வேண்டும். அடர்ந்த காடு, சேறு, கூழாங்கல் என்றால் அதுவும் போதாது.

12 கி.மீ. தூரம், 600 மீட்டர் ஏற்றம் உள்ள பாதையை எடுத்துக்கொள்வோம். தூரத்துக்கு 2 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி. மொத்தம் 3 மணி 24 நிமிடம். ஒன்றரை மடங்கு, 5 மணி 6 நிமிடம். மணிக்குப் பத்து நிமிட ஓய்வும் சாப்பாட்டுக்கு அரை மணியும் சேர்த்தால் ஆறரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். இறக்கம்தானே என்று எதையும் கழிக்க வேண்டாம். செங்குத்தான இறக்கமாக இருந்தால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 10 நிமிடம் கூட்டுவதுதான் வழக்கம்.

சூரியன் 6 மணிக்கு மறைகிறது என்றால், கணக்குப்படி 4 மணிக்குக் கீழே இருக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் சுளுக்கிய காலுக்கும் தவறிய வழிக்குமான இருப்பு. மரங்கள் அடர்ந்த இடத்தில் அதற்கும் முன்பே இருட்டிவிடும். கணக்கு 9:30-க்குக் கிளம்பலாம் என்றாலும் 7 மணிக்கே கிளம்புங்கள். மலைகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். பகல் முழுக்கச் சூடேறிய காற்று மேலெழுந்து மேகமாவதால் அப்படி.

திரும்பும் நேரம் என்று ஒன்றைக் கிளம்பும் முன்பே முடிவு செய்து எல்லோரிடமும் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். 7 மணிக்குக் கிளம்பினால் 12 மணி. எங்கே இருந்தாலும், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும், 12 மணிக்குத் திரும்ப வேண்டும். கீழேயே இதை முடிவு செய்வதற்குக் காரணம் உண்டு: உச்சிக்கு அரை மணி தூரத்தில் நிற்கும்போது யாருக்கும் திரும்ப மனம் வராது.

வீட்டில் இருக்கும் ஒருவரிடம் பாதையின் பெயர், வண்டி நிற்கும் இடம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். "இத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் இந்த எண்ணைக் கூப்பிடு" என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் நள்ளிரவு வரை, "லேட்டாகியிருக்கும்" என்றே காத்திருப்பார்கள்.

காலணி, கொப்புளம், கயிறு

காலணி வாங்கும்போது சாயங்காலம் போய் வாங்குங்கள். பகலில் கால் சற்று வீங்கியிருக்கும். மலைக்குப் போடும் அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள். விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் முன்னால் இடித்து இடித்துக் கறுத்துவிடும். நகங்களை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். புதுக் காலணியை வீட்டைச் சுற்றி நான்கைந்து முறை நீண்ட நடைக்குப் போட்ட பிறகே மலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்த காலணி பார்க்கப் புத்தம்புதிதாக இருக்கும். அதைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். பல மலைக் காலணிகளில் நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரை. காற்றின் ஈரம் பட்டு அது உள்ளுக்குள்ளேயே சிதையும். பயன்படுத்தாமல் கிடந்தாலும் சிதையும். மலையில் இரண்டு மணி நேரம் நடந்ததும் அடிப்பாகம் முழுசாக வாய் பிளந்து கழன்று வரும். கிளம்பும் முன் அடிப்பாகத்தை இரண்டு கையாலும் பலமாக வளைத்துப் பாருங்கள். பொடி உதிர்ந்தாலோ விரிசல் தெரிந்தாலோ அதைத் தொடாதீர்கள். பையில் நான்கு பிளாஸ்டிக் கேபிள் டைகளும் இரண்டு மீட்டர் துணி டேப்பும் இருந்தால், கழன்ற அடியைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடலாம்.

குதிகால் மேலும் கீழும் நகர்வதால்தான் அங்கே கொப்புளம் வருகிறது. அதற்கு ஒரு கட்டு இருக்கிறது. கயிற்றைக் கடைசிக்கு முந்தின துளை வரை வழக்கம்போல் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு முனையையும் அதே பக்கத்தின் கடைசித் துளைக்குள் நேராக விட்டு, இரண்டு பக்கமும் சின்ன வளையம் நிற்கும்படி செய்யுங்கள். வலது முனையை இடது வளையத்துக்குள்ளும் இடது முனையை வலது வளையத்துக்குள்ளும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து முடியுங்கள். குதிகால் பின்சுவரோடு ஒட்டிவிடும். இறங்கத் தொடங்கும் முன் இந்தக் கட்டை ஒருமுறை அவிழ்த்து மறுபடி இறுக்கிப் போடுவது நகங்களுக்கும் நல்லது.

பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத் தோல் சீக்கிரம் உரியும். கம்பளி அல்லது செயற்கை இழை போதும், ஒரு ஜோடி கூடுதலாக. காலில் எங்காவது சுடுவதுபோல் தோன்றினால் அடுத்த ஓய்விடம் வரை பொறுக்க வேண்டாம். அங்கேயே நின்று, துடைத்து, டேப் ஒட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. கொப்புளம் எழும்பிவிட்டால் மீதி நாள் முழுக்க நொண்டல்.

பையில் என்ன, எவ்வளவு

மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர் தண்ணீர், கடும் வெயிலில் ஏற்றத்தில் அதைவிட அதிகம். ஆறு மணி நேர நடைக்கு மூன்று லிட்டர். நடைதொடங்கும் இடத்திலேயே அரை லிட்டர் குடித்துவிடலாம். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். தாகத்துக்கு மட்டும் குடித்து, கூடவே உப்புள்ளது ஏதாவது சாப்பிடுங்கள். ஒன்றிரண்டு உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் பையில் இருக்கட்டும். ஓடைத் தண்ணீரைக் குடிக்கும்படி ஆனால் நன்றாகக் கொதித்த பின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் கூடுதல் நேரம்.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 28 டிகிரி என்றால் 1,200 மீட்டர் மேலே 20 டிகிரி. வியர்வையில் நனைந்த சட்டையும் காற்றும் சேர்ந்தால் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் உடம்பு நடுங்கும். அதனால் மழைச்சட்டையும், பிளாஸ்டிக் பையில் கட்டிய உலர்ந்த மேல்சட்டை ஒன்றும் வானம் எப்படி இருந்தாலும் வேண்டும். தலையில் மாட்டும் டார்ச்சும் அப்படித்தான். பகல் நடைக்கு எதற்கு என்று விட்டுப்போகிறவர்கள் அதிகம்; தாமதமாகிவிட்டால் முதலில் தேடுவதும் அதைத்தான். போன் வெளிச்சம் பாதைக்குப் போதாது, பேட்டரியையும் தின்றுவிடும்.

இவை தவிர விசில், காகித வரைபடம், திசைகாட்டி, பவர் பேங்க், சிறிய கத்தி, மின்னும் அவசரப் போர்வை, கிரேப் பேண்டேஜ், கிருமிநாசினி, ஒவ்வாமை மாத்திரை, அவரவர் வழக்கமான மருந்துகள், குப்பைக்கு ஒரு பை. தண்ணீரோடு மொத்தம் 5 முதல் 6 கிலோவுக்குள் அடங்கும். கனமானதை முதுகை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே வையுங்கள். அடியில் வைத்தால் பை பின்னால் இழுக்கும், நீங்கள் நாள் முழுக்க முன்னால் குனிந்தே நடப்பீர்கள்.

ஏற்றமும் இறக்கமும்

முதல் இருபது நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக நடக்க வேண்டும். அதன்பின் வேகத்துக்கு ஒரே அளவுகோல்: முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் வேகம் அதிகம். செங்குத்தில் அடியைச் சின்னதாக்கி, பாதம் முழுவதையும் பதித்து ஏறுங்கள். நுனிக்காலில் ஏறினால் கெண்டைச்சதை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும், அனுபவசாலி கடைசியில் வரட்டும். முன்னே ஓடிப்போய்க் காத்திருந்து, பின்னால் வருபவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடும் வழக்கம் கெட்ட வழக்கம். களைத்தவருக்கு ஓய்வே கிடைக்காது.

பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் திரும்பிப் பாருங்கள். போனில் ஒரு படம் எடுங்கள். ஏறும்போது நேராகத் தெரிந்த வழி, இறங்கும்போது மூன்றாகப் பிரிந்து நிற்கும். வழி தவறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

சறுக்கலும் சுளுக்கும் இறக்கத்தில்தான் அதிகம். தொடைத் தசை ஏற்கெனவே களைத்திருக்கும், ஒவ்வொரு அடியிலும் உடம்பைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கும், மனமோ வீட்டுக்குப் போய்விட்டிருக்கும். முழங்காலை எப்போதும் சற்று மடக்கியே வைத்து, சிறு அடிகளாக, மூன்று நான்கு அடிக்கு முன்னால் பார்த்து இறங்குங்கள். கறுத்து மினுங்கும் கல்லில் பாசி இருக்கிறது. தோலுரிந்த ஈர வேர் அதைவிட வழுக்கும். அதன் மேல் கால் வைக்காமல் தாண்டிவிடுங்கள். ஊன்றுகோல் வைத்திருந்தால் சமதளத்தில் முழங்கை செங்கோணமாக இருக்கும் நீளம் சரி. இறக்கத்தில் 5 முதல் 10 செ.மீ. நீட்டிக்கொள்ளுங்கள்.

ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் தாண்ட வேண்டாம். தாண்டலாம் என்றால் அகன்று பரந்த இடத்தைத் தேடுங்கள். குறுகிய இடத்தில் ஆழமும் இழுப்பும் அதிகம். பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். நீர் வரும் திசையைப் பார்த்தபடி, பக்கவாட்டில் அடி வையுங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ மேலே மழை பெய்திருக்கிறது. உடனே கரையேறுங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடி என்றால் சுமார் 1 கி.மீ. தூரம். முப்பது விநாடிக்குள் இடி கேட்டாலே மேட்டு வரப்பையும் தனி மரத்தையும் விட்டு இறங்குங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி மேலே போகலாம்.

காட்டில் இருப்பவை

அட்டை கடித்தால் தீ வைப்பதும் உப்புப் போடுவதும் வேண்டாம். அது வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடக்கூடும். அட்டைக்கு இரண்டு முனை, ஒல்லியானதுதான் வாய். அங்கே தோலை ஒட்டி விரல் நகத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் பிடி விடும். பிறகு தடித்த முனையையும் அப்படியே கிளப்பிச் சுண்டிவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் நெடுநேரம் கசியும். கழுவி, அழுத்திக் கட்டினால் போதும். உண்ணி வேறு மாதிரி: நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். அதன் பிறகு சில வாரங்களுக்குள் காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் உண்ணிக்கடியைச் சொல்லுங்கள்.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றுமே கேடு. மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பெரிய விலங்குகள் உள்ள காட்டில் ஆபத்து, வளைவில் திடீரென்று எதிரே போய் நிற்பதில் இருக்கிறது. ஈரம் காயாத சாணம், அப்போதுதான் ஒடித்த கிளை கண்ணில் பட்டால் நின்று, கேட்டு, வந்த வழியே பின்வாங்குங்கள்.

இதெல்லாம் சொன்னதால் காட்டைப் பயந்து பார்க்க வேண்டியதில்லை. நடுவழியில் எங்காவது பதினைந்து நிமிடம் யாரும் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் இருக்காது. பிறகு பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடும் கூட்டம் ஒன்று தலைக்கு மேல் கடந்துபோகக்கூடும். உச்சிக்கிளையில் ஒன்று, நடுத்தண்டில் ஒன்று, புதருக்குள் ஒன்று என்று ஆளுக்கொரு மட்டம். நடந்துகொண்டே இருப்பவர்களுக்கு அது காட்டின் பொதுவான சத்தமாகத்தான் கேட்டிருக்கும். திட்டத்திலேயே இந்தப் பதினைந்து நிமிடத்துக்கு இடம் ஒதுக்குங்கள்.

வழி தவறினால்

பாதை சந்தேகமாகத் தோன்றியவுடன் நில்லுங்கள். உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் எது என்று யோசித்து, அது பக்கத்தில் இருந்தால் வந்த தடத்திலேயே அங்கே திரும்புங்கள். "குறுக்கே போனால் சேர்ந்துவிடும்" என்று இறங்க வேண்டாம். ஓடையைப் பிடித்துக்கொண்டே போனால் ஊர் வரும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது; மலை ஓடை அருவியில் போய் முடியும், அங்கிருந்து ஏறவும் முடியாது.

போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால். ஃபிளைட் மோடில் வைத்தால் பேட்டரி நெடுநேரம் வரும். அழைப்பு போகாத இடத்திலிருந்து சிலநேரம் குறுஞ்செய்தி போய்விடும். 112 என்ற அவசர எண் பல நாடுகளில் பொது. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் சிக்னலில் போகக்கூடும். விசிலால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது பரவலாக அறியப்பட்ட உதவிக் குறி. பதிலுக்கு மூன்று ஊதல் கேட்டால் கண்டுவிட்டார்கள். ஆனாலும் அவர்கள் வந்து சேரும் வரை ஊதிக்கொண்டிருங்கள்.

இறங்கி வந்த பிறகு

முதல் வேலை, காத்திருப்பவருக்குப் போன். வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்பக்கம், தொடை இடுக்கு, அக்குள், காதின் பின்புறம் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலணியைச் சேறு போகக் கழுவி, உள்தகட்டை எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து நிழலில் காயவையுங்கள். வெயிலும் அடுப்புச் சூடும் பசையை இளக்கிவிடும்.

அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: கிளம்பிய நேரம், உச்சி தொட்ட நேரம், இறங்கிய நேரம், குடித்த தண்ணீர், திரும்பக் கொண்டுவந்த தண்ணீர். ஓய்வைக் கழித்து, நடந்த நேரத்தை நெய்ஸ்மித் கணக்கால் வகுத்துப் பாருங்கள். கணக்கு 3 மணி 24 நிமிடம் சொன்ன பாதையில் உங்கள் குழு 6 மணி நேரம் நடந்திருந்தால், உங்கள் எண் சுமார் 1.8. அடுத்த மலைக்கு ஒன்றரை வேண்டாம். இந்த எண்ணால் பெருக்கித் திரும்பும் நேரத்தைக் குறியுங்கள்.